கிளேடாங் மலையும் 43 அங்குலமும்

ஈப்போவில் டிவி வாங்கக் கடைக்குள் நுழைந்ததும் விற்பனைப் பையன் கேட்பது, "எத்தனை இன்ச் வேணும் ஆண்டி?" என்றுதான். அவன் கேட்க வேண்டியது வேறு: "உங்க வீட்டு வாசல்ல நின்னா கிளேடாங் மலை தெரியுமா?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. புந்தோங்கில் என் கணவர் டிவி, ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த காலமெல்லாம் முன்மேசையில் உட்கார்ந்து ரசீது எழுதியவள் நான். ஸ்குரூடிரைவர் அவர் கையில், புலம்பல் என் காதில். பழுதே இல்லாத டிவியை மோட்டார் சைக்கிளில் இருவராகப் பிடித்துக்கொண்டு வந்து இறக்குவார்கள். "படம் கட்டம் கட்டமா உடையுதுக்கா" என்பார்கள். எங்கள் கடை ஏரியலில் மாட்டினால் கண்ணாடிபோல் வரும். டிவி நல்ல டிவிதான். வீட்டுக்கு அலை வந்து சேரவில்லை. அதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். அடுத்த மாதம் அதைவிடப் பெரிய டிவி ஒன்றைத் தவணைக்கு எடுத்திருப்பார்கள்.

என் கட்சி இதுதான். நம்மவர்களுக்குத் திரையை விற்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்தத் திரைக்குள் என்ன வரும், எப்படி வரும் என்று சொல்ல ஆளில்லை. கையில் 1,500 வெள்ளி இருந்தால் அதில் 1,100-க்கு மேல் டிவிக்குப் போகக்கூடாது. மிச்சம் 400 வெள்ளி ஏரியலுக்கும், ஒயருக்கும், சத்தத்துக்கும், இடிமின்னலுக்கும். கடையில் இதைச் சொன்னால் பையன் என்னை ஒரு மாதிரி பார்க்கிறான். பார்க்கட்டும்.

கிளேடாங் ஈப்போவுக்கு மேற்கே, மெங்லெம்புவின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. 800 மீட்டருக்குச் சற்று அதிக உயரம். உச்சியில் கோபுரங்கள் தெரிகின்றனவே, அங்கிருந்துதான் ஈப்போ வட்டாரத்துக்கு ஒளிபரப்பு இறங்குகிறது. மேற்கே மலை இப்படி உதவி செய்ய, மற்ற பக்கங்களில் குன்றுகள் உபத்திரவம் செய்கின்றன. குனோங் ராப்பாட், குனோங் லாங், தம்புன் பக்கத்துக் குன்றுகள் எல்லாம் செங்குத்தான சுண்ணாம்புக் கற்கள். குன்றின் கிழக்குப் பக்கத்தை ஒட்டி எழுந்த தாமானில் வீடு வாங்கியவர்கள், காலை வெயிலோடு ஒளிபரப்பு நிழலையும் சேர்த்து வாங்கிவிட்டார்கள்.

பழைய ஒளிபரப்பில் அலை குறைந்தால் படம் புள்ளி புள்ளியாக வரும், ஆளுக்குப் பக்கத்தில் ஆவிபோல் இன்னொரு ஆள் நிற்பார். ஆனாலும் கதை புரியும். 2019 ஜூலை 21 அன்று லங்காவியில் தொடங்கி, அந்த ஆண்டு அக்டோபர் 31-க்குள் நாடு முழுவதும் பழைய ஒளிபரப்பை அணைத்துவிட்டார்கள். இப்போது உள்ளது இலக்கமுறை ஒளிபரப்பு; கடைக்காரர்கள் மைடிவி என்றோ டிஜிட்டல் என்றோ சொல்வார்கள். இதில் நடுவழி கிடையாது. அலை ஓரளவு இருந்தால் படம் முழுசாக வரும். அந்த அளவுக்குக் கீழே ஒரு படி இறங்கினால் கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு ஒன்றுமே வராது. அதனால்தான் நேற்றுவரை நன்றாக இருந்த டிவி இன்று கெட்டுவிட்டதாக மக்கள் நினைக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர் ஒரு மாடி கூடுதலாகக் கட்டியிருப்பார், அவ்வளவுதான்.

இந்த ஆண்டு எனக்குத் தெரிந்த ஓர் அக்காவுக்கு டிவி எடுத்துக் கொடுத்தேன். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியே முதுகு வளைந்தவர். தோட்டம் செம்பனையாகி, தொழிலாளர் வரிசைவீடான லயம் இடிக்கப்பட்டு, இப்போது ஈப்போவில் மலிவுவிலை அடுக்குமாடியில் மகனோடும் பேரப்பிள்ளைகளோடும் இருக்கிறார். பிள்ளைகள் சேர்த்துக் கொடுத்த 1,500 வெள்ளியைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார். "தங்கச்சி, பெருசா எடுத்துக் குடு. சின்னதா இருந்தா சம்பந்தி வீட்ல சிரிப்பாங்க" என்றார். சம்பந்தி வீட்டில் 65 அங்குலமாம்.

நானும் சுங்கை சிப்புட் தோட்டத்துப் பிள்ளைதான். மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது 1963 டிசம்பர் 28 அன்று. எங்கள் லயத்துக்கு அது வந்து சேர வெகுகாலம் ஆனது. தோட்டத்தில் முதல் டிவி, கணக்கெழுதும் கிராணி வீட்டில், கதவு வைத்த மரப்பெட்டி. பூட்டுச் சாவி கிராணியம்மா இடுப்பில். பிறகு தோட்ட மண்டபத்தில் ஒன்று வந்தது. வாரத்தில் ஒரு தமிழ்ப்படம். பிரட்டுக் களத்தில் பெயர் கொடுக்க விடியற்காலை நின்ற கூட்டம் மொத்தமும் அன்று மண்டபத்தில் பாய் விரித்திருக்கும். தோட்டத்து எஞ்சின் இரவு பத்து மணிக்கு நின்றுவிடும், படம் அதற்குள் முடியாது. பல எம்ஜிஆர் படங்களில் வில்லனுக்கு என்ன ஆயிற்று என்பது எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும். எஞ்சினை நம்பாதவர்கள் கார் பேட்டரியில் சின்னக் கறுப்புவெள்ளை டிவி ஓட்டினார்கள். டிவிக்கு ஆண்டுக்கு 24 வெள்ளி லைசென்ஸ் வேறு கட்ட வேண்டும். அதிகாரி வருகிறார் என்றால் லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் செய்தி பறக்கும், ஏரியல்கள் கூரையிலிருந்து இறங்கும். தீபகற்பத்தில் வண்ணம் 1978 இறுதியில். அந்தக் காலத்தில் டிவி என்பது பல மாதச் சம்பளம். இன்றோ குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு 43 அங்குல டிவி கிடைக்கிறது. ஆகவே, பெரிய டிவி வைத்திருப்பதில் இனிமேல் கௌரவம் ஒன்றும் இல்லை. இதை அக்காவிடம் சொன்னேன். சம்பந்தியை மனதில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டார்.

அளவு விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். அடுக்குமாடி ஹாலில் ஆறு, ஏழு அடி தள்ளித்தான் உட்கார முடியும். அதற்கு 43 போதும். ஒன்பது, பத்து அடி இடமிருப்பவர்கள் 50, 55 போகலாம். அதற்குமேல் போனால் திரை பெரிதாகும், படம் பெரிதாகாது: பழைய சிவாஜி படத்தை யூடியூபில் போட்டால் முகம் மெழுகுபோல் உருகித் தெரியும். 4கே என்பதும் அப்படித்தான். நாலாயிரம் புள்ளி அகலத் திரைக்கு நாலாயிரம் புள்ளி அகலப் படம் வர வேண்டும். அக்கா பார்ப்பது ஆர்டிஎம் தமிழ்ச் செய்தி, பழைய படம், நாடகம், யூடியூபில் கோயில் திருவிழா. இதில் எதுவும் 4கே இல்லை. 43 அங்குலத்தில் இன்று பெரும்பாலும் 4கேதான் கிடைக்கிறது என்பதால் வந்தால் வரட்டும். அதற்காகக் கூடுதலாக ஒரு காசு கொடுக்காதீர்கள். பெட்டியில் எச்டிஆர் என்று போட்டிருக்கும். விலை குறைந்த செட்டில் அந்த எழுத்துக்கு வேலை இல்லை, வெளிச்சம் போதாது.

பெட்டியில் பார்க்க வேண்டியவை வேறு. சிரிம் தரமுத்திரை இருக்கிறதா? எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர ஒட்டு இருக்கிறதா? (43 அங்குலம் ஏறக்குறைய 100 வாட் என்று வையுங்கள், நாளைக்கு ஆறு மணி நேரம் ஓடினால் மாதம் 18 யூனிட். கரண்ட் பில்லில் குளிர்சாதனப்பெட்டிக்கும் ஏர்கோனுக்கும் பயப்படுங்கள், டிவிக்கு வேண்டாம்.) எல்லாவற்றையும் விட, டிவிபி-டி2 டியூனர் உள்ளேயே இருக்கிறதா? மலேசியாவில் டிஜிட்டல் ஒளிபரப்பு அந்த முறையில்தான் வருகிறது. இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் பெயர் தெரியாத டிவிகள் சில, சீனாவுக்கென்று செய்தவை. அங்கே ஒளிபரப்பு முறை வேறு, டிடிஎம்பி. நம் ஏரியலை எத்தனை முறை மாட்டினாலும் அது "சேனல் இல்லை" என்றுதான் சொல்லும். அதற்குத் தனியாக டிகோடர் பெட்டி வாங்கி, இரண்டு ரிமோட் வைத்துக்கொண்டு திண்டாட வேண்டும். மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும்.

'ஸ்மார்ட்' என்ற சொல்லிலும் கொஞ்சம் கவனம். கூகல் டிவி, டைசன், வெப்ஓஎஸ், விடா என்று முறையான மென்பொருள் உள்ள செட்டுகள் உண்டு. வெறும் 'ஆண்ட்ராய்டு' என்று மட்டும் எழுதி, கூகல் அனுமதி பெறாத செட்டுகளும் உண்டு. இரண்டாவது வகையில் யூடியூப் ஒருநாள் திறக்கும், ஒருநாள் திறக்காது. நெட்பிளிக்ஸ் வராது, வந்தால் மங்கலாக வரும். கடையிலேயே ரிமோட்டைக் கையில் வாங்கி யூடியூபைத் திறந்து ஒரு பாட்டுப் போடச் சொல்லுங்கள். பையன் முகம் சுளித்தால் அடுத்த கடை. அப்படியே வெள்ளைத் திரை ஒன்றும் கறுப்புத் திரை ஒன்றும் காட்டச் சொல்லிப் புள்ளி செத்திருக்கிறதா, மூலையில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்துவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோகும்போது டிவியைப் படுக்கவைக்கக் கூடாது. நிறுத்தித்தான் ஏற்ற வேண்டும், காரில் இடமில்லை என்றால் கடை லாரிக்குக் காசு கொடுங்கள். ரசீதை உடனே போனில் படம் எடுங்கள். அந்த வழவழப்புத் தாளில் உத்தரவாதம் முடிவதற்குள் எழுத்து மறைந்துவிடும்.

இனி, எனக்கு வயிறு எரிகிற விஷயம்.

அக்காவைக் கூட்டிக்கொண்டு போன ஒரு கடையில், நாங்கள் 43 அங்குலத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது பையன் மெதுவாக எங்களை 55-இன் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். "ஆண்டி, காசு ஏன் முழுசா குடுக்கிறீங்க? மாசம் 56 வெள்ளிதான். ஐசி மட்டும் குடுங்க, இன்னைக்கே வீட்டுக்கு வந்திடும்." ரொக்க விலை 1,299. மாதம் 56, முப்பத்தாறு மாதம். அக்காவின் கண் விரிந்ததைப் பார்த்தேன். கைக்குட்டைக் காசு அப்படியே இருக்கும், டிவியும் வரும்! நான் அவன் மேசையிலிருந்த கால்குலேட்டரை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தேன். அக்கா தோட்டத்தில் பால் நிறுவையில் கிராணி ஒரு கிலோ குறைத்து எழுதினாலே கண்டுபிடித்துச் சண்டை போட்டவர். 56-ஐ 36-ஆல் பெருக்கினார். 2,016. "எழுநூத்திப் பதினேழு வெள்ளி எதுக்குத் தம்பி?" என்றார். பையன், "மாசம் ஒன்றரை பர்சன்ட்தான் ஆண்டி" என்றான்.

ஒன்றரை என்று கேட்டால் சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனால் அது எதன்மேல் ஒன்றரை? நீங்கள் பாதிக் கடனைக் கட்டி முடித்த பிறகும் முழுக்கடன்மேல் ஒன்றரை. கடைசி மாதம் ஐம்பது சொச்சம் வெள்ளிதான் பாக்கி என்றாலும் 1,299 வெள்ளிக்கு வட்டி. குறைந்துகொண்டே வரும் கடனுக்கு இது என்ன வட்டி என்று சரியாகக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 30 விழுக்காட்டைத் தாண்டுகிறது. வீட்டுக்கடனுக்கு வங்கிக்காரன் அரை விழுக்காடு ஏற்றினால் நாம் பத்திரிகைக்கு எழுதுகிறோம். டிவிக்கு 30 விழுக்காட்டைச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம்.

தோட்டத்தை விட்டு வெளியே வந்த குடும்பங்களைத் தவணை எப்படிப் பிடித்துக்கொண்டது என்பதை மேசைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தவள் நான். லயத்தில் வீட்டு வாடகை கிடையாது, தண்ணீருக்குக் காசு கிடையாது. டவுனுக்கு வந்ததும் எல்லாவற்றுக்கும் மாதாமாதம் காசு. அந்தப் பட்டியலில் டிவி, சோபா, வாஷிங் மெஷின் தவணைகளும் சேர்ந்தால் என்ன மிஞ்சும்? தவணை முடியும் முன்பே டிவி கெட்டுப்போய் எங்கள் கடைக்கு வரும். பழுதுபார்க்கக் காசிருக்காது, தவணை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். 'வட்டியே இல்லை' என்று சொல்லும் தவணை உண்மையாகவே இருக்கிறது. கிரெடிட் கார்டில் ஆறு மாதம், பன்னிரண்டு மாதம் என்று கொடுப்பார்கள். ரொக்க விலையும் தவணைக் கூட்டலும் ஒரே எண்ணாக வந்தால் எடுங்கள். வராவிட்டால் மாதம் 100 வெள்ளி தனியே எடுத்து வையுங்கள். பழைய டிவி இன்னும் ஒரு வருஷம் ஓடும். ஓடாவிட்டாலும் வீட்டில் யாரும் செத்துவிடமாட்டார்கள்.

தீபாவளிக்கு முன்வாரம் வாங்குவதையும் நான் ஆதரிப்பதில்லை. அப்போது நமக்கு அவசரம், கடைக்காரருக்கு அது தெரியும். ஆண்டின் நடுப்பகுதிக்குள் புது மாடல்கள் வந்து இறங்கும். போன வருஷத்து மாடல் மூலைக்குப் போகும். அந்த மூலையில்தான் நம் டிவி இருக்கிறது. அக்காவுக்கு எடுத்தது அப்படி ஒரு போன வருஷத்து 43 அங்குலம், ஆயிரத்து நூறுக்குக் கீழே.

வாங்கிய பொருள் சொன்னபடி இல்லை, கடைக்காரர் கையை விரிக்கிறார் என்றால் சண்டை போட்டுத் தொண்டையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. ஐந்து வெள்ளி கட்டணம். வழக்கறிஞர் வேண்டாம். 50,000 வெள்ளிவரை கோரலாம். நம்மவர்களில் இதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. மன்றம் என்றாலே மாஜிஸ்திரேட் கோர்ட் நினைவுக்கு வந்து பயந்துவிடுகிறோம். ரசீதும் வாட்சாப் செய்திகளும் கையிலிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

இப்போது அந்த 400 வெள்ளிக்கு வருகிறேன்.

முதலில் ஏரியல். பழைய வீட்டுக் கூரையில் மீன்முள்போல் நீளமாக நிற்கிறதே, அந்த ஏரியல்களில் பல, பழைய விஎச்எஃப் அலைக்காகச் செய்தவை. டிஜிட்டல் ஒளிபரப்பு யூஎச்எஃப் அலையில் வருகிறது. அதற்கான ஏரியல் சின்னது. வாங்கும் முன் மொட்டை மாடியிலோ ஐந்தடிச் சந்திலோ நின்று பக்கத்து வீட்டு ஏரியல்கள் எந்தத் திசை பார்க்கின்றன, முட்கள் படுத்திருக்கின்றனவா நின்றிருக்கின்றனவா என்று பாருங்கள். உங்களுடையதும் அப்படியே இருக்கட்டும். திருப்பும்போது அவசரம் கூடாது. அந்தக் காலத்தில் ஒருவர் கூரையில் ஏறித் திருப்ப, கீழே இன்னொருவர் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கத்துவார். படம் உடனுக்குடன் மாறும். டிஜிட்டலில் டிவி அலையைப் பிடித்துப் படமாக்கச் சில விநாடிகள் பிடிக்கும். ஒரு விரலளவு திருப்பி, ஐந்து விநாடி பொறுத்து, டிவி மெனுவில் சிக்னல் அளவைப் பார்த்து, பிறகு அடுத்த விரலளவு. வேகமாகத் திருப்பினால் சரியான இடத்தைத் தாண்டிக்கொண்டே இருப்பீர்கள். ஒயர் ஆர்ஜி6 என்ற தடித்த வகை வேண்டும். பூஸ்டர் என்று ஒன்றை விற்பார்கள். ஏரியலுக்கு அலை வந்து, நீண்ட ஒயரில் அது தேய்ந்துபோனால்தான் பூஸ்டருக்கு வேலை. வராத அலையை அது எங்கிருந்து கொண்டுவரும்?

அக்காவின் வீட்டில் சிக்கல். பால்கனி கிழக்கே பார்த்தது, கிளேடாங் கட்டடத்துக்குப் பின்னால். உள்ளே வைக்கும் தட்டை ஏரியல் ஒன்றையும் பிடிக்கவில்லை. என் கணவருக்கு இப்போது கண் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் பால்கனியில் நின்று எதிரே வெள்ளையாகத் தெரிந்த சுண்ணாம்புக் குன்றைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஏரியலைக் கிளேடாங்குக்கு முதுகைக் காட்டிக் குன்றை நோக்கிக் கட்டச் சொன்னார். கிளேடாங்கிலிருந்து போகிற அலை குன்றின் செங்குத்துப் பாறையில் பட்டுத் திரும்புகிறது, அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்றார். பேரன் நம்பாமல்தான் கட்டினான். தேடுதலில் நாட்டை 'மலேசியா' என்றும், வழியைக் 'கேபிள்' அல்ல 'ஏரியல்' என்றும் கொடுத்து ஓடவிட்டோம். 101, 102, 103 என்று வரிசையாக வந்து உட்கார்ந்தன. எல்லாக் குன்றும் இப்படிக் கருணை காட்டாது. குன்றின் முகம் எப்படித் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஏரியலுக்கு இன்னொரு நல்ல குணம் உண்டு. பேராக்கில் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்தால் செயற்கைக்கோள் தட்டு வைத்திருக்கும் வீடுகளில் படம் போய்விடும்; அந்த அலையைக் கனமழை விழுங்கிவிடுகிறது. யூஎச்எஃப் அலையை மழை அவ்வளவாகத் தொடுவதில்லை. மின்னல்தான் எமன். இடி கேட்டதும் பிளக்கையும் ஏரியல் ஒயரையும் இரண்டையும் கழற்ற வேண்டும். பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு ஏரியலை மறந்தவர்களின் டிவிகள் எங்கள் கடை அலமாரியில் வரிசையாக நின்றிருந்தன. வீட்டில் ஆள் இல்லாதவர்கள், ஏரியலுக்கும் துளை வைத்த மின்னெழுச்சித் தடுப்பான் ஒன்று வாங்கி மாட்டுங்கள். சிரிம் முத்திரை அதிலும் இருக்கட்டும்.

சுவரில் மாட்டுவதில் நம் வீடுகளுக்கென்று ஒரு பழக்கம் இருக்கிறது: சாமி படத்துக்குப் பக்கத்தில், காலண்டருக்கும் மேலே. நாற்காலியில் உட்கார்ந்தாலே கழுத்து அண்ணாந்து போகும். பாயில் உட்கார்ந்து பார்க்கும் அக்காவுக்கு என்ன ஆகும்? திரையின் நடு, பார்ப்பவர் கண்ணுக்கு நேரே இருக்க வேண்டும். அக்கா வீட்டில் சுவரில் துளையே போடவில்லை. பழைய அலமாரியின் கால்களை அறுத்துத் தாழ்வாக்கி அதன்மேல் வைத்தோம். மாட்டும் இரும்புக்குக் கேட்ட 80 வெள்ளி மிச்சம்.

முதன்முதல் டிவியைப் போடும்போது 'கடையா, வீடா' என்று கேட்கும். வீடு என்று சொல்லுங்கள். கடை என்று அழுத்திவிட்டால் எல்லா முகமும் ஆரஞ்சுப்பழ நிறத்தில் வெயிலில் நிற்கும். படவகையில் 'விவிட்' வேண்டாம், 'சினிமா' அல்லது 'மூவி' போடுங்கள். முதலில் மங்கலாகத் தோன்றும், இரண்டாம் நாள் கண் பழகிவிடும். அசைவை வழுவழுப்பாக்கும் வசதி ஒன்று தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். அதை அணைக்காவிட்டால் மணிரத்னம் படமும் மெகா சீரியல்போல் தெரியும். பழைய படங்களைத் திரை முழுக்க இழுத்துவிடும் பழக்கத்தையும் விடுங்கள். ஜெமினி கணேசன் அவ்வளவு குண்டு இல்லை.

சத்தத்துக்கு நான் 150 வெள்ளி ஒதுக்கினேன். டிவி மெலிய மெலிய ஒலிபெருக்கி அதன் முதுகுக்குப் போய்விட்டது. சுவரைப் பார்த்துப் பேசுகிறது. வயதானவர்களுக்குப் பின்னணி இசை கேட்கும், வசனம் கேட்காது. பிறகு சத்தத்தை ஏற்றுவார்கள், மேல்வீட்டுக்காரர் தரையைத் தட்டுவார். சின்ன சவுண்ட்பார் ஒன்றை எச்டிஎம்ஐ ஏஆர்சி துளையில் மாட்டினால் டிவி ரிமோட்டே போதும். வீட்டில் பழைய கேசட் செட்டும் ஆளுயர ஸ்பீக்கரும் இருந்தால் அதுவும் ஓடும். டிவி வாங்கும்போதே இயர்போன் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எல்லாம் முடிந்த பிறகும் அக்காவால் டிவியைப் போட முடியவில்லை. போட்டதும் செய்தி வராமல் கட்டம் கட்டமாகப் படங்கள் வந்து நின்றன. எதையோ அழுத்தினார், நெட்பிளிக்ஸ் காசு கேட்டது. ஸ்மார்ட் டிவி நம் பெரியவர்களுக்குச் செய்யும் அநியாயம் இது. மெனுவுக்குள் போய், போட்டதும் கடைசியாகப் பார்த்த சேனலே வரும்படி மாற்றினோம். ரிமோட்டில் வேண்டாத பொத்தான்கள்மேல் கறுப்பு டேப் ஒட்டினோம். மூன்று பொத்தான் மிச்சம்: போட, சத்தம், சேனல். யூடியூப் வேண்டுமென்றால் பேரன் போனில் மைக்கை அழுத்தித் தமிழில் கேட்பான், "கல்லுமலை முருகன் கோயில் தைப்பூசம்" என்று. அங்கிருந்து டிவிக்கு அனுப்பிவிடுவான்.

ஆக, டிவி ஒருமுறைச் செலவு. தமிழ் அப்படி இல்லை. 1996-இல் ஆஸ்ட்ரோ வந்த பிறகு தமிழ்ச் சேனல் என்றாலே மாதக் கட்டணம் என்று நம் வீடுகள் பழகிவிட்டன. மாதம் 60 வெள்ளி என்றால் மூன்று ஆண்டில் 2,160. இரண்டு டிவி விலை. ஆஸ்ட்ரோவிலேயே மாதக் கட்டணம் கட்டாயமில்லாத என்ஜாய் பெட்டி 2012-இலிருந்து இருக்கிறது, முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள். நான் கட்டுகிறவர்களைக் குறை சொல்லவில்லை. நாடகம் இல்லாமல் என் அண்ணிக்குச் சோறு இறங்காது. ஆனால் இலவச ஒளிபரப்பில் ஆர்டிஎம் இரண்டாம் அலைவரிசை தமிழுக்கு ஒதுக்கும் நேரம் இன்னும் கூடினால், மாதம் 60 வெள்ளி மிஞ்சும் வீடுகள் புந்தோங்கில் மட்டும் எத்தனை இருக்கும்! தோட்டத்து மண்டபத்தில் வாரம் ஒரு படத்துக்குக் காத்திருந்த தலைமுறை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அதன் கையில்தான் காசு குறைவு.

இன்னொன்று வீடமைப்புத் துறைக்கு. அக்காவின் புளோக்கில் ஒவ்வொரு பால்கனியிலும் ஒவ்வொரு ஏரியல் ஒவ்வொரு திசையில் நிற்கிறது. கிளேடாங்கைப் பார்க்காத பக்கத்து வீடுகளுக்கு நல்ல டிவி இருந்தும் இலவச ஒளிபரப்பு இல்லை. மொட்டை மாடியில் ஒரு நல்ல ஏரியலை வைத்து, பூஸ்டர் போட்டு, எல்லா வீட்டுக்கும் ஒயர் இழுப்பது பெரிய வித்தையல்ல. ஹோட்டல்களில் அப்படித்தான் செய்கிறார்கள். புதிதாகக் கட்டும் ஒவ்வொரு மலிவுவிலை அடுக்குமாடியிலும் தண்ணீர்த் தொட்டியோடு சேர்த்து இதையும் கட்டாயமாக்க வேண்டும். பழைய புளோக்குகளில் குடியிருப்போர் சங்கம் வீட்டுக்குச் சிறு தொகை வசூலித்து இந்த ஆண்டே செய்யலாம். ஏரியலை எந்தப் பக்கம் திருப்புவது என்று சொல்ல என் கணவர் வருவார், ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் போதும்.